பள்ளிக்குள்ளேயே நடக்கும் பயிற்சிக்கு ஆசிரியர்களை எப்படி வரவைப்பது?

வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஏழு ஆசிரியர்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். குறுவள மையத்துக்கு, அதாவது சுற்றுவட்டப் பள்ளிகளுக்கான பயிற்சி மையத்துக்கு, போய்வருகிற பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், நம் பள்ளிக்குள்ளேயே வாரம் அரைமணி உட்கார்ந்து நம் பிள்ளைகளைப் பற்றியும் நாம் பாடம் நடத்துகிற விதத்தைப் பற்றியும் பேசுவோம் என்று. புதன்கிழமை, பள்ளி விட்டதும், 4.10 முதல் 4.40 வரை. முதல் வாரம் ஏழு பேரும் இருந்தோம். டீ, வடை வாங்கி வைத்திருந்தேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டக் கையேட்டில் ஒரு பகுதியை எடுத்து விளக்கினேன். இரண்டாம் வாரம் ஐந்து பேர். நான்காம் வாரம் என்னைத் தவிர இரண்டே பேர். அதில் ஒருவர் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்தவர்.

இவர்கள் வேலைக்குச் சுணங்குகிறவர்கள் இல்லை. நான்காம் வகுப்பு டீச்சர் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கவைக்கிறார். அப்படிப்பட்டவருக்கு இந்த அரைமணி ஏன் கசக்கிறது? சுற்றறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினால் நாளைக்கே எல்லோரும் வந்துவிடுவார்கள். அப்படி வரவைக்க எனக்கு மனமில்லை. உங்கள் பள்ளியில் என்ன செய்கிறீர்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை, எழுதுங்கள்.

இடைநிலை ஆசிரியை எழுதியது:

டீச்சர், உங்கள் பள்ளியில் இரண்டாம் வாரம் வராமல் போன இரண்டு பேரில் நானும் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு 4.25க்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது 5.40. 2021ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு எங்கள் பள்ளியில் நாங்கள் நாலு பேரும் அந்த பஸ்ஸில்தான் போகிறோம். 5.40க்கு ஏறினால் வீடு சேரும்போது விளக்கு வைத்துவிடும். என் மகள் அதுவரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் கேட்கிற அரைமணி எனக்கு ஒன்றேகால் மணி நேரம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் வேலை, தயாரிப்பு நேரமும் அதில் சேர்ந்தது என்று இருக்கிறது. பாடக்குறிப்பேடு எழுதுவதைத்தான் தயாரிப்பு என்று வழக்கத்தில் வைத்திருக்கிறோம். சக ஆசிரியரோடு உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைப் பற்றிப் பேசுவதும் தயாரிப்புத்தானே? பள்ளி நேரத்துக்குள் அதற்கு ஒரு பாடவேளை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்த பிறகும் யாராவது வராமல் இருந்தால், அப்போது காரணம் கேட்கலாம்.

ரஸ்தா எழுதியது:

பஸ் உண்மையான காரணம்தான். ஆனால் எனக்கு பைக் இருக்கிறது, பள்ளியிலிருந்து வீடு பத்து நிமிடம். நானும் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு மனசாரப் போனதில்லை.

ஏன் என்று கேட்டால், 2007-08ல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாங்களே கற்கும் முறை, வந்தபோது நான் பணிக்கு வந்து இரண்டு வருஷம். அட்டை, ஏணி, இலச்சினை, பாய் விரித்துத் தரையில் குழுக்கள். உயிரைக் கொடுத்துச் செய்தோம். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அட்டைக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். அப்புறம் அது மெல்ல வேறொன்றாக மாறியது. அதற்கப்புறம் இன்னொன்று. 2022ல் எண்ணும் எழுத்தும், அதில் பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் நல்லது இருக்கிறது, மறுக்கவில்லை. முந்தையதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, நீங்கள் என்ன கண்டீர்கள் என்று வகுப்பில் நின்ற எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதுதான் மனதில் நிற்கிறது.

ஒரு பயிற்சியில் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். ஏழாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உரைநடைப் பாடத்தை எப்படி நடத்துவது என்று. பயிற்சி நடத்திய கருத்தாளர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'அது இந்தக் கட்டகத்தில் இல்லை சார்' என்றார். அவர்மேல் குறை சொல்ல எதுவுமில்லை, அவர் கையில் அதைத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் அன்றோடு எந்தப் பயிற்சியிலும் நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன்.

நீங்களும் முதல் நாள் கையேட்டைத்தான் விரித்திருக்கிறீர்கள் டீச்சர். அங்கேயே உங்கள் ஆட்கள் மனதளவில் எழுந்து போயிருப்பார்கள்.

பயிற்றுநர் எழுதியது:

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். ரஸ்தா சார் சொன்ன அந்தக் கருத்தாளராக நானும் நின்றிருக்கிறேன். மாநில அளவில் ஐந்து நாள் நடந்தது மாவட்டத்துக்கு வரும்போது மூன்று நாளாகி, வட்டாரத்தில் இரண்டாகி, குறுவள மையத்தில் ஒரே நாளாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். படிக்குப் படி செய்தி இறங்கிவரும். வகுப்பிலிருந்து எழும் கேள்விக்கு அதே படிகளில் மேலே ஏற வழி இருக்காது. அதனால்தான் பள்ளிக்குள்ளேயே நடப்பது முக்கியம் என்கிறேன், அங்கே கேள்வியும் கேட்பவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்.

எனக்குப் பயன்பட்ட ஒரு கருத்தைச் சொல்கிறேன். ஆசிரியரின் மனதை முதலில் மாற்றிவிட்டால் வகுப்பு மாறும், வகுப்பு மாறினால் பிள்ளைகள் தேறுவார்கள் என்றுதான் பயிற்சிகளைத் திட்டமிடுகிறோம். தாமஸ் கஸ்கி என்ற அமெரிக்கக் கல்வியாளர் இந்த வரிசையே தப்பு என்று 1986ல் எழுதினார். ஆசிரியர் வகுப்பில் ஒன்றைச் செய்து பார்க்கிறார். பிள்ளையிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. அதற்கப்புறம்தான் அவர் மனம் மாறுகிறது. அப்படியானால் ஆர்வமூட்டும் பேச்சால் யாரையும் வரவைக்க முடியாது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தன் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் ஏதாவது நகர்ந்ததை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு எடுக்கும் விஷயம் மிகச் சின்னதாக இருக்க வேண்டும்.

டீச்சர், அடுத்த கூட்டத்துக்குக் கையேடு வேண்டாம். ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டைக் கொண்டுபோங்கள். நடுவில் வையுங்கள். 'இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் போட்டிருக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள்.

கல்லல்_கணக்கு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஆசிரியருக்கு இதனால் என்ன கிடைக்கிறது? சனிக்கிழமை குறுவள மையப் பயிற்சிக்குப் போனால் ஈடுசெய் விடுப்பாவது கேட்கலாம். இதற்கு ஒரு சான்றிதழ், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பாராட்டு, குழுவில் ஒரு புகைப்படம், இதெல்லாம் இருந்தால் நாலு பேர் கூடுதலாக வருவார்கள். மனிதர்கள்தானே.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

புகைப்படம் வேண்டாம் தம்பி. கேமராவை எடுத்த நிமிடத்திலிருந்து எல்லோரும் தெரிந்தவர்கள் மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். தெரியவில்லை என்று சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றுதானே அந்த அம்மா இதைத் தொடங்கியிருக்கிறார்.

தேவகோட்டைப் பக்கம் 34 வருஷம் வேலை பார்த்தவன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் பர்மாவில் கொண்டுவிற்றவர்கள், அதாவது வட்டித் தொழில் செய்தவர்கள், அதிலிருந்து ஒன்று சொல்கிறேன். கிட்டங்கிக்கு, அதாவது அந்தத் தொழில் நடக்கும் இடத்துக்கு, போகும் பையன் முதலில் பெட்டியடியில், பணப்பெட்டிக்குப் பக்கத்தில், உட்காருவான். எடுபிடி வேலை, பேரேட்டைப் பார்த்து எழுதுவது, வட்டிக் கணக்கை மனதில் போடுவது. அப்புறம் அடுத்தாள். தொழிலை நடத்தும் மேலாளுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பதால் அடுத்தாள். கடன் கேட்டு வருகிறவனிடம் மேலாள் எப்படிப் பேசுகிறார், எதைக் கேட்கிறார், எப்போது சும்மா இருக்கிறார் என்று வருஷக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் தொழில் வந்தது. மேலாள் தன் வேலையைப் பிறர் பார்க்கும்படி வைத்திருந்தார், அதை கவனியுங்கள்.

நம் தொழிலில் நேர்மாறு. பி.எட். படிக்கும்போது நம் வகுப்பை நாலு பேர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். வேலை கிடைத்ததும் கதவைச் சாத்திவிடுவோம். அப்புறம் யாராவது உள்ளே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தால் அது ஆய்வு. நோட்டில் ஏதோ எழுதுவார்கள், கடைசியில் குறை சொல்வார்கள். முப்பது வருஷம் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே வயிறு கலங்கிய ஆட்கள் நாங்கள். உங்கள் ஆசிரியர்களுக்கும் அந்தக் கலக்கம் இருக்கும்.

ஆகவே அம்மா, முதலில் உங்கள் வகுப்பைத் திறந்துவிடுங்கள். நீங்கள் பாடம் நடத்துங்கள், அவர்கள் பார்க்கட்டும். தலைமையாசிரியை தடுமாறுவதை அவர்கள் ஒருதரம் பார்த்துவிட்டால் மற்றது நடக்கும்.

ஈராசிரியர் பள்ளி எழுதியது:

ஏழு பேர் என்றதும் எனக்கு ஏக்கமாக இருந்தது. எங்கள் பள்ளியில் நானும் தலைமையாசிரியரும்தான், ஐந்து வகுப்புகள். அவர் கூட்டத்துக்குப் போனால் ஒன்று முதல் ஐந்து வரை நான் ஒருத்தியே. பயிற்சிக்கு வரமாட்டார்கள் என்று எங்களைப் போன்றவர்களைச் சொல்லும்போது வலிக்கிறது. எங்களை விடுவிக்க ஆள் எங்கே? எங்களுக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

பயிற்றுநர் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி டீச்சர். இரண்டு பேர் இருக்கும் பள்ளியில் பள்ளிக்குள் குழு என்பது நடக்காது. இந்திய அரசு அமைத்த கோத்தாரிக் கல்விக் குழு 1964-66லேயே இதற்கு ஒரு வழி சொன்னது, ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள சின்னப் பள்ளிகளையும் ஒரு வளாகமாகச் சேர்த்து வைப்பது என்று. அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் நடந்துபோகிற தூரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தால், மாதம் ஒருநாள் உங்கள் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே அங்கே போங்கள். பிள்ளைகள் அங்குள்ள பிள்ளைகளோடு உட்காரட்டும், நீங்கள் பார்க்கப் போங்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், அது முக்கியம்.

வளவு எழுதியது (ஏழு வாரம் கழித்து):

மன்னிக்க வேண்டும், பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் நேரத்தை மாற்றினேன். வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் 6, 7, 8 மூன்று வகுப்புக்கும் ஒன்றாக நூலக வாசிப்பு, ஒரே ஆசிரியர் பார்த்துக்கொள்வார். 1 முதல் 5 வரை வராந்தாவில் கதை நேரம், அதற்கும் ஒருவர். அந்த இரண்டு பேரும் வாராவாரம் மாறுவார்கள். மீதி ஐந்து பேருக்கு 40 நிமிடம் கிடைத்துவிட்டது. சாயங்கால பஸ் எங்கள் ஆட்கள் யாருக்கும் தப்பவில்லை. இந்த ஒரு மாற்றத்திலேயே ஐந்தில் நாலு பேர் வந்தார்கள். நான் நாலு வாரம் யோசித்ததைவிட இடைநிலை ஆசிரியை ஒரு பதிவில் சொன்னது பெரிது.

இரண்டாவது, கையேட்டைத் தூர வைத்தேன். ஆறாம் வகுப்புக் கணக்கு நான்தான் எடுக்கிறேன். பிள்ளைகளின் நோட்டுகளை நடுவில் வைத்தேன். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே இருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து. 'நான் இரண்டு தடவை நடத்தியும் இப்படித்தான் வருகிறது, எங்கே தப்பு விடுகிறேன் என்று தெரியவில்லை' என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தலைமையாசிரியை ஆன பிறகு அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதே இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூன்றாம் வகுப்பு எடுப்பவர் மெதுவாகச் சொன்னார்: 'அது என் வகுப்பிலிருந்து வருகிறது டீச்சர்.' வட்டத்தையோ கட்டத்தையோ காட்டி, மொத்தம் எத்தனை பாகம், அதில் வண்ணம் அடித்தது எத்தனை என்று எண்ணவைத்துத்தான் அவர் பின்னத்தைத் தொடங்குகிறார். நம் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைக்கு அது இரண்டு தனித்தனி எண்ணிக்கையாகவே பதிந்துவிடுகிறது. இரண்டு கட்டத்தில் ஒன்று, மூன்று கட்டத்தில் ஒன்று, சேர்த்தால் ஐந்து கட்டத்தில் இரண்டு. பிள்ளையின் கணக்குப்படி அது சரிதான்! மூன்று வருஷமாகக் கவனக்குறைவு என்று நினைத்து நான் சிவப்பு மையால் அடித்த தப்புக்குள் அவ்வளவு நியாயம் இருந்திருக்கிறது.

அங்கிருந்து பேச்சு தானாகவே ஓடியது. நான்காம் வகுப்பு டீச்சர் ஒரு யோசனை சொன்னார். பிள்ளைகளிடம் அரைக்கிலோ தக்காளியும் கால் கிலோ தக்காளியும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள், முக்கால் என்று எல்லோரும் சொல்வார்கள். அதையே எண்ணாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள், ஆறில் இரண்டு என்று போடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள் என்றார். இன்னொருவர் ஆத்தங்குடிக் கல்லைச் சொன்னார். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலரின் அப்பாக்கள் அந்தப் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். ஒரே அளவுக் கல் நாலு வாங்கிவந்து, ஒன்றில் பாதியை, இன்னொன்றில் மூன்றில் ஒரு பாகத்தைச் சாக்பீஸால் கோடிட்டுக் காட்டலாம், முழுசு எது என்று பிள்ளை கையால் தொட்டுப் பார்க்கும் என்றார். பேசி முடித்தபோது 40 நிமிடம் தாண்டியிருந்தது.

அடுத்த வாரம் மூன்றாம் பாடவேளையில் நான் அந்தப் பாடத்தை நடத்தினேன். மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஜப்பானில் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பள்ளிக்குள்ளேயே ஆசிரியர்கள் இப்படிச் சேர்ந்து பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அங்கே பார்க்க வருகிறவர்கள் பிள்ளைகளைத்தான் பார்ப்பார்களாம். அதையே கேட்டுக்கொண்டேன். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள், அந்த இரண்டு பேர் என்ன எழுதுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள், என்னைப் பார்க்க வேண்டாம் என்று. வாத்தியார் ஐயா சொன்ன அந்த வயிற்றுக் கலக்கம் எனக்கும் இருந்தது ஐயா. ஆனால் மூன்று பேரின் கண்ணும் பிள்ளைகளின் நோட்டில் இருந்ததால் சீக்கிரமே மறந்துவிட்டேன்.

ஒரு பெண் பிள்ளை பாதிக் கல்லையும் ஐந்தில் இரண்டு பாகத்தையும் பார்த்துவிட்டு, 'டீச்சர், பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிப் பாதியவிடக் கொறையும்?' என்றாள். நான் பதில் சொல்லவில்லை, வகுப்பே சண்டை போட்டுக்கொண்டது. மூன்றாம் வகுப்பு டீச்சர் அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்முன் என்னிடம் வந்து, அடுத்த முறை தன் வகுப்பில் பின்னம் தொடங்கும்போது வண்ணக் கட்டத்துக்கு முன்னால் ரொட்டியைப் பிட்டுக் காட்டப் போவதாகவும், வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டார். அவர் முன்பு நான்காம் வாரத்துக்கு வராதவர்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆறாம் வகுப்பில் எட்டு ஒன்பது பிள்ளைகள் இன்னும் ஐந்தில் இரண்டுதான் போடுகிறார்கள். பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும் ஒரு சார் இதுவரை ஒருநாளும் உட்காரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் கதை நேரத்தைத் தானே ஒவ்வொரு வாரமும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் போகட்டும் என்றார். அவர் சொல்லும் கதைக்காக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வியாழக்கிழமை லீவு போடுவதில்லை. இன்னொரு டீச்சர் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறார். பணியில் இருப்பவர்களும் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. இப்போதைக்கு உங்கள் படிப்பைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கல்லல்_கணக்கு எழுதியது:

படித்துவிட்டு எங்கள் எட்டாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினேன். எங்களிடமும் அதே ஐந்தில் இரண்டு! ஒரு சந்தேகம். பதிவேடு இல்லை, படம் இல்லை என்றால் பார்வைக்கு வரும் அதிகாரியிடம் எதைக் காட்டுவீர்கள்?

வளவு எழுதியது:

ஒரே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம் சார். வாரம் ஒரு பக்கம். மேலே பிள்ளை போட்ட கணக்கோ எழுதிய வாக்கியமோ அப்படியே. கீழே நாங்கள் என்ன செய்து பார்க்கப் போகிறோம் என்று இரண்டு வரி. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அதில் இருக்காது. வந்து பார்த்த ஒருவரிடம் அதைத்தான் கொடுத்தேன், நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அம்மா, பின்னத்துக்கு இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. ஒரு தாளைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போகச் சொல்லி ஒவ்வொரு மடிப்புக்கும் பெயரைச் சொல்லவையுங்கள். பெட்டியடியில் உட்கார்ந்த பையன்களுக்கு இது விரல்நுனியில் இருந்தது. வீட்டில் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், கேட்டுவரச் சொன்னால், சில பேருக்கு இன்னும் சொல்லத் தெரியும்.

ரஸ்தா எழுதியது:

திங்கட்கிழமை ஏழாம் வகுப்பின் அந்த ஆறு நோட்டுகளை எடுத்துக்கொண்டு எங்கள் ஆசிரியர் அறையில் உட்காரப் போகிறேன். இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எழுத்துக்கூட்டுவது எங்கே நின்றுபோகிறது என்று அவருக்குத்தான் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது.

ஈராசிரியர் பள்ளி எழுதியது:

வளவு டீச்சர், உங்கள் பள்ளி எங்களுக்கு மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் எச்.எம். சாரிடம் பேசிவிட்டேன், வட்டாரக் கல்வி அலுவலரிடம் அவரே கேட்பதாகச் சொன்னார். நாலு, ஐந்து இரண்டும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகள். கூட்டிக்கொண்டு வரலாமா?

வளவு எழுதியது:

தாராளமாக வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பதினோரு பேர் கூடுதல் என்று சத்துணவு அமைப்பாளரிடம் முந்தின நாளே சொல்ல வேண்டும், தேதி உறுதியானதும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ரொட்டிப் பாடம் அடுத்த வியாழன், மூன்றாம் பாடவேளை.

இடைநிலை ஆசிரியை எழுதியது:

நானும் ஒருநாள் வரட்டுமா டீச்சர்? 4.25 பஸ்ஸுக்குள் விட்டுவிடுவீர்கள்தானே?

வளவு எழுதியது:

வாங்க டீச்சர். மூன்றாம் பாடவேளை 12 மணிக்கெல்லாம் முடிந்துவிடும். உங்கள் மகளையும் ஒரு லீவு நாள் பார்த்து அழைத்துவந்தால் எங்கள் சாரிடம் கதை கேட்கலாம்.